உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள், அயோடினும் வேண்டும் என்கிறார்கள்: கர்ப்பிணிக்கு எப்படிச் சமாளிப்பது?

அடுப்படிக்காரன்:

வணக்கம். எங்கள் வீட்டில் சமையல் என் பொறுப்பு. மனைவிக்கு இப்போது 11 வாரம். அவள் தட்டில் என்ன விழுகிறது என்பதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்தான் இந்த நீளக் கேள்வி.

முதல் பரிசோதனையில் ரத்த அழுத்தம் சற்று மேலே இருந்தது. உப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டர். குறைத்துவிட்டேன். வெளியே வந்தால் சுவரில் ஒரு தாள்: கர்ப்பிணிகளுக்கு அயோடின் அவசியம், அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்துங்கள். எதைக் கேட்பது?

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நாளுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் என்கிறது. மற்ற பெரியவர்களுக்கு 150. எங்கள் உப்புப் பையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது, அதாவது ஒரு கிராம் உப்பில் 20 மைக்ரோகிராம். அதே நிறுவனம்தான் நாளுக்கு 5 கிராம் உப்பைத் தாண்டாதே என்றும் சொல்கிறது. 5 கிராமையும் முழுதாகச் சாப்பிட்டாலே 100தான் வருகிறது. அடுப்புச் சூட்டில் போவது தனி. மீதி 150 எங்கிருந்து வரும்?

அவளுக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை. ஓட்ஸ் பால் வாங்குகிறோம். மீன் வாசனை இப்போது வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. முட்டை மட்டும் சாப்பிடுகிறாள். டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், அவ்வளவுதான்.

தெரிந்தவர் ஒருவர் கடல்பாசி மாத்திரை இருக்கிறது, இயற்கையானது, வாங்கிக் கொடுங்கள் என்கிறார். சிறுநீரில் அயோடின் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை உண்டாமே, அதையும் எடுத்துப் பார்க்கலாமா?

கடைசியாக ஒன்று. குழந்தைக்கு ஒரு வயது வரை உணவில் உப்பே சேர்க்கக்கூடாது என்கிறார்கள். அப்புறம் அதற்கு அயோடின் எந்த வழியாகப் போகும்?

—

இரட்டைவால் குருவி:

வாழ்த்துகள் சகோ. மற்றதைத் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். கடல்பாசி மாத்திரையை மட்டும் யாரும் விவரம் சொல்லும்வரை வாங்காதீர்கள். தைராய்டு ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டீர்களா? அந்த ரிப்போர்ட் எண் இல்லாமல் இந்தப் பேச்சு பாதிதான்.

—

தட்டும் தராசும்:

கர்ப்பிணிகளுக்கான உணவு ஆலோசனை என் வேலை. தாளோடும் பேனாவோடும் வருகிற கணவர்கள் அபூர்வம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கணக்கு சரி. டாக்டர் சொன்னதும் சுவரில் இருந்ததும் ஒன்றோடொன்று மோதவில்லை. ஒன்று உப்பின் அளவைப் பற்றியது, இன்னொன்று உப்பின் வகையைப் பற்றியது. டாக்டர் சொன்ன அளவை மாற்றாதீர்கள். போடுகிற அந்தக் கொஞ்சமும் அயோடின் சேர்த்ததாக இருக்கட்டும். இந்துப்பு, கல் உப்பு, இளஞ்சிவப்பு உப்பு ஆகியவற்றில் பையில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய கணக்கில் எடுக்கிற அளவு அயோடின் இருக்காது. கடலில் அயோடின் உண்டு, ஆகவே கடல் உப்பிலும் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். காய்ந்து வரும்போது அதில் தங்குவது மிகக் குறைவு. பாக்கெட் தின்பண்டங்களில் போடும் உப்பும் பல இடங்களில் அயோடின் சேர்க்காததுதான். அதில் சோடியம் மட்டும் கூடும். ஆக, குறைப்பதானால் முதலில் அங்கே குறையுங்கள்.

பையின் பின்பக்கம் பொட்டாசியம் அயோடேட் என்று இருந்தால் நல்லது, சூட்டையும் ஈரத்தையும் அயோடைடைவிட நன்றாகத் தாங்கும். டப்பாவை இறுக்க மூடி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். சமையலில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்துத்தான் பொதுவாகத் திட்டமிடுகிறார்கள்.

இப்போது 250 ஏன் என்பதைப் பார்ப்போம். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினைக் கொண்டுதான் தன் ஹார்மோனைச் செய்கிறது. கர்ப்பத்தில் தாயின் தைராய்டு வழக்கத்தைவிட ஏறக்குறைய பாதி மடங்கு அதிகமாக ஹார்மோன் சுரக்க வேண்டியிருக்கிறது. அதே சமயம் சிறுநீரகம் அயோடினை வேகமாக வெளியே தள்ளுகிறது. போதாததற்கு உள்ளே ஒரு ஆள் பங்கு கேட்கிறது. அந்த ஆளின் தைராய்டு 10 முதல் 12 வாரத்தில் அயோடினைச் சேர்க்கத் தொடங்கினாலும், சொல்லிக்கொள்ளும்படி ஹார்மோன் தர 18, 20 வாரம் ஆகிவிடும். அதுவரை குழந்தையின் மூளைக்கு வேண்டிய தைராக்ஸின் என்ற அந்தத் தைராய்டு ஹார்மோன் முழுக்கத் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போவதுதான். மூளையின் நரம்பு அணுக்கள் உருவாகித் தத்தம் இடத்துக்கு நகர்ந்து போகிற காலமும் அதுவே. இதனால்தான் அமெரிக்கத் தைராய்டு சங்கம் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே, முடிந்தால் மூன்று மாதம் முன்பே, அயோடினைத் தொடங்கச் சொல்கிறது.

11 வாரம் ஓடிவிட்டதே என்று பதற வேண்டாம். போதுமான அயோடின் கிடைத்து வந்த பெரியவர் உடம்பில் 15 முதல் 20 மில்லிகிராம் வரை கையிருப்பு இருக்கும், பெரும்பகுதி தைராய்டிலேயே. மில்லிகிராம் என்பதைக் கவனியுங்கள், மைக்ரோகிராம் அல்ல. உங்கள் மனைவி பல வருடங்களாக அயோடின் உப்பு சாப்பிட்டவர் என்றால் இந்த வாரங்களை அந்தச் சேமிப்பு தாங்கியிருக்கும். அதைக் கரைய விடாமல் பார்ப்பதுதான் இனி வேலை.

பாலுக்கு வருகிறேன். ஒத்துக்கொள்ளாதது லாக்டோஸாலா, பாலின் புரதத்தால் வரும் ஒவ்வாமையா? லாக்டோஸ்தான் சிக்கல் என்றால் லாக்டோஸ் நீக்கிய பாலை முயன்று பாருங்கள். அயோடின் அதில் அப்படியே இருக்கும். பசும்பாலின் அயோடின் மாட்டுத் தீவனத்திலிருந்தும், மடி துடைக்கிற கிருமிநாசினியிலிருந்தும் வருவது. கேட்க வேடிக்கைதான். ஓட்ஸ் பால், பாதாம் பால் போன்றவற்றில் சேர்த்தால்தான் உண்டு. உட்பொருள் பட்டியலில் பொட்டாசியம் அயோடைடு என்ற பெயரைத் தேடுங்கள். பெரும்பாலானவற்றில் கால்சியம் சேர்த்திருப்பார்கள், இது இருக்காது. முட்டை ஒன்றில் சுமார் 25 மைக்ரோகிராம், அதுவும் பெரும்பாலும் மஞ்சள் கருவில். கடல்மீன் வாசனை பின்னால் ஒத்துவரலாம், இப்போது கட்டாயப்படுத்த வேண்டாம்.

பாலும் மீனும் இல்லாத உங்கள் மனைவி மாதிரியானவருக்கு மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்பது நியாயம். அமெரிக்கத் தைராய்டு சங்கம் கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் நாளுக்கு 150 மைக்ரோகிராமைப் பொட்டாசியம் அயோடைடாக எடுக்கச் சொல்கிறது. அயோடின் உப்பு எல்லா வீட்டுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்கிற நாடுகளில் மாத்திரை பொதுவாகத் தேவைப்படாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆகவே எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. அட்டையில் பொட்டாசியம் அயோடைடு 196 மைக்ரோகிராம் என்று இருந்தால் அதில் அயோடின் 150 என்று அர்த்தம், மீதி பொட்டாசியத்தின் எடை.

கடல்பாசி பற்றி குருவி சொன்னது சரி. இயற்கையானதா என்பது இங்கே கேள்வியே இல்லை, எவ்வளவு என்பதுதான் கேள்வி. பாசியின் வகையைப் பொறுத்து ஒரு கிராமில் சில பத்து மைக்ரோகிராமும் இருக்கலாம், சில ஆயிரமும் இருக்கலாம். கர்ப்பிணிக்கு 500ஐத் தாண்டினால் கூடுதல் பலன் எதுவும் எதிர்பார்ப்பதற்கில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. உச்சவரம்பு ஐரோப்பாவில் 600, அமெரிக்காவில் 1100. அளவு மீறி வெள்ளமாக வந்தால் தைராய்டு தற்காப்பாகச் சுரப்பை நிறுத்திவிடும். பெரியவர்கள் சில நாளில் அதிலிருந்து மீண்டுவிடுவார்கள். கருவிலிருக்கும் குழந்தைக்கு அப்படி மீளும் திறன் 36 வாரம் வரை முழுமையாக வராது.

சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். சாப்பிட்ட அயோடினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஓரிரு நாளில் சிறுநீரில் வந்துவிடும். எனவே அந்த எண் நேற்றைய தட்டைத்தான் காட்டும். லிட்டருக்கு 150 முதல் 249 மைக்ரோகிராம் வரை போதுமானது என்கிற வரம்பு ஒரு கூட்டத்தின் நடுமதிப்புக்கு வைத்தது. ஒரு தனி ஆளின் நிலையைச் சுமாராக மதிப்பிடவே வெவ்வேறு நாட்களில் பத்து மாதிரி வேண்டும். குருவி கேட்ட தைராய்டு ரத்தப் பரிசோதனையை, அதாவது டிஎஸ்ஹெச் பரிசோதனையை, எடுத்துவிடுங்கள். அயோடின் அளவை அது சொல்லாது, ஆனால் தைராய்டு நோய் ஏதாவது இருக்கிறதா என்று தெரியும். மாத்திரை தொடங்குமுன் அது தெரிய வேண்டும்.

—

இரவுப்பணி:

பச்சிளம் குழந்தைகள் வார்டில் நர்ஸ் நான். குழந்தைப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உப்பில்லாமல் அயோடின் எப்படிப் போகும் என்றால், அம்மா வழியாகத்தான். தைராய்டு ரத்தத்திலிருந்து அயோடினை உறிஞ்சுவதற்கு வைத்திருக்கிற அதே புரதப் பம்பு பாலூட்டும் மார்பிலும் வேலை செய்கிறது. ரத்தத்தில் இருப்பதைவிட 20 முதல் 50 மடங்கு வரை பாலில் சேர்த்துவிடும். அம்மா சாப்பாட்டில் அயோடின் இருந்தால் பாலில் வரும். இல்லையென்றால் குறையும்.

குழந்தையிடம் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. நிறைமாதக் குழந்தையின் தைராய்டில், அம்மாவுக்கு அயோடின் போதுமான அளவு கிடைத்திருந்தாலே, 300 மைக்ரோகிராம் அளவில்தான் இருக்கும். தேவையோ நாளுக்கு 90 என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்கக் கணக்கில் முதல் ஆறு மாதம் 110, அதற்குப் பிறகு ஒரு வயது வரை 130. ஆகவே அன்றன்றைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். சும்மா சொல்லவில்லை, எடைக்கு எடை பார்த்தால் அந்தப் பொடிசுக்குப் பெரியவர்களைவிட அதிகம் வேண்டும்.

மொராக்கோவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தது. மிதமானது முதல் கடுமையானது வரை அயோடின் பற்றாக்குறை இருந்த இடம். ஒரு பிரிவில் தாய்க்கு அயோடின் எண்ணெயை ஒரே தடவை கொடுத்தார்கள், இன்னொரு பிரிவில் நேராகக் குழந்தைக்கே கொடுத்தார்கள். தாய்க்குக் கொடுத்த பிரிவில்தான் குழந்தைகளின் அயோடின் நிலை நன்றாக இருந்தது. இதை வார்டில் நான் சொன்னால் பாட்டிமார்கள், இது எங்களுக்கு எப்பவோ தெரியுமே என்கிற மாதிரி பார்ப்பார்கள்.

வீட்டில் யாராவது புகை பிடிக்கிறீர்களா? பாலூட்டும் தாய் புகைத்தால் புகையிலிருந்து வரும் தையோசயனேட் அந்தப் பம்பைத் தடுத்துவிடும். டென்மார்க்கில் அளந்து பார்த்ததில் புகைக்கும் தாய்மாரின் பாலில் அயோடின் ஏறக்குறைய பாதிதான் இருந்தது.

பால்பவுடர் கொடுக்கும் நிலை வந்தால் தனியாக அயோடின் சேர்க்க வேண்டியதில்லை. சர்வதேச உணவுத் தர விதிப்படி 100 கலோரிக்குக் குறைந்தது 10 மைக்ரோகிராம் அதிலேயே இருக்க வேண்டும். டின்னில் எழுதியிருக்கிற அளவில் மட்டும் கலக்கவும். பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினால் அயோடின் மட்டுமில்லை, எல்லாமே குறையும்.

ஆறு மாதத்துக்கு மேல் திட உணவு தொடங்கும்போதுதான் கொஞ்சம் கவனம் வேண்டும். மசித்த காய், பழம், தானியம் எல்லாம் நல்லதுதான், ஆனால் அவற்றில் அயோடின் சொற்பம். பால் குடிக்கும் அளவு குறையக் குறைய அயோடினும் குறையும். தாய்ப்பாலையோ பவுடர் பாலையோ தொடருங்கள். நன்றாக வெந்த முட்டை, தயிர், முள் நீக்கிய மீன் எல்லாம் ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துங்கள். உங்கள் ஓட்ஸ் பாலை ஒரு வயதுக்குள் முக்கியப் பாலாகக் கொடுக்காதீர்கள். அயோடின் வேண்டும் என்று குழந்தையின் கிண்ணத்தில் உப்பைப் போடவும் வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். பிறந்த குழந்தையின் தொப்புளிலோ தோலிலோ பழுப்பு நிற அயோடின் மருந்தை நீங்களாக வாங்கித் தடவாதீர்கள். அந்தப் பிஞ்சுத் தோல் அதை உறிஞ்சிவிடும். தைராய்டு தற்காலிகமாக மந்தமான குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், குறைமாதக் குழந்தைகள் என்றால் இன்னும் சுலபமாக நடக்கும். இரண்டாவது, பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தப் பரிசோதனையைத் தவற விடாதீர்கள். அது பிறவித் தைராய்டுக் குறையைக் கண்டுபிடிப்பதற்கு. அதுவும் அயோடின் பற்றாக்குறையும் வேறு வேறு. அம்மா எவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும் பிறவிக் குறை சில ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரத்தான் செய்யும்.

—

புள்ளிவிவரப் புலி:

ஒரு மாற்றுக் கருத்து. கடுமையான பற்றாக்குறை ஆபத்து என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பப்புவா நியூ கினியில் கருத்தரிக்குமுன் அயோடின் எண்ணெய் ஊசி போட்டு, குழந்தைகளுக்கு வரும் கடுமையான மூளை வளர்ச்சிக் குறையைத் தடுத்தார்கள். அதன் முடிவு 1971இலேயே வெளியாகிவிட்டது. ஆனால் லேசான பற்றாக்குறைக்கு மாத்திரை உதவுமா என்றால் பெங்களூருவிலும் பாங்காக்கிலும் கர்ப்பிணிகளுக்குத் தினம் 200 மைக்ரோகிராம் கொடுத்துப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வு, பிள்ளைகளுக்கு 5, 6 வயதானபோது மூளை வளர்ச்சியில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை என்றுதான் சொன்னது. இவ்வளவு பயம் தேவையா?

—

தட்டும் தராசும்:

பயம் தேவையில்லை என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். அந்த ஆய்வு நன்றாக நடத்தப்பட்டது. அதே நேரம், அதில் சேர்ந்தபோதே பெண்கள் கர்ப்பத்தில் சில வாரங்களைக் கடந்திருந்தார்கள். பற்றாக்குறையும் லேசானதுதான். மறுபக்கம், 2013இல் வந்த பிரிட்டன் ஆய்வில் ஆயிரத்துச் சொச்சம் தாய்மாரின் ஆரம்பக் கர்ப்பச் சிறுநீரைப் பார்த்ததில், அயோடின் குறைவாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு 8 வயதில் மொழித்திறன் சார்ந்த அறிவுத்திறன் மதிப்பெண்ணும் 9 வயதில் வாசிப்பும் குறைவாக இருந்தன. அது கவனித்துப் பார்த்த ஆய்வு, கொடுத்துப் பார்த்த ஆய்வு இல்லை. ஆகவே அதைக் காட்டி மிரட்டவும் முடியாது. நான் ஆலோசனையில் இரண்டையும் சொல்வேன். பால், மீன், அயோடின் உப்பு மூன்றும் சாப்பிடுகிறவரிடம் மாத்திரைப் பேச்சையே எடுக்கமாட்டேன். மூன்றில் இரண்டு இல்லாதவரிடம் எடுப்பேன்.

—

முதல் மாடி அம்மா:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்குத் தைராய்டு சுரப்பு குறைவு, தைராக்ஸின் 100 மைக்ரோகிராம் சாப்பிடுகிறேன். பாப்பாவுக்கு நாலு மாதம், தாய்ப்பால்தான். எனக்கும் அயோடின் மாத்திரை வேண்டுமா? மாத்திரையிலேயே அயோடின் இருக்கிறது என்கிறாரே என் நாத்தனார்.

—

தட்டும் தராசும்:

உங்கள் நாத்தனார் சொன்னதில் உண்மை இருக்கிறது அம்மா. தைராக்ஸின் எடையில் 65 சதவீதம் அயோடின்தான். உங்கள் 100இல் 65 மைக்ரோகிராம். உடம்பு அந்த ஹார்மோனைச் சிதைக்கும்போது அது வெளியே வரும். கர்ப்ப காலத்தில் தைராக்ஸின் சாப்பிடுகிறவர்கள் புதிதாக அயோடின் மாத்திரை தொடங்கத் தேவையில்லை என்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கம். உங்கள் நிலை கொஞ்சம் வேறு, பாப்பாவின் பங்கு பால் வழியாகப் போக வேண்டும், அதற்கு 65 போதாது. சாப்பாட்டிலிருந்து எவ்வளவு வருகிறது என்று பார்த்து உங்கள் தைராய்டு டாக்டர் முடிவு செய்யட்டும். தைராக்ஸினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகள் சாப்பிட்டால் அதற்கும் தைராக்ஸினுக்கும் நாலு மணி நேர இடைவெளி விடுங்கள்.

—

அடுப்படிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. டிஎஸ்ஹெச் சரியாக இருக்கிறது. டாக்டரிடம் தட்டுக் கணக்கை எழுதியே கொடுத்தேன், சிரித்துவிட்டு 150 மைக்ரோகிராமுக்கு எழுதிக் கொடுத்தார். லாக்டோஸ் நீக்கிய பால் வயிற்றுக்குள் சண்டை போடாமல் இறங்குகிறது. நான் வாங்கி வந்தது கர்ப்பிணிகளுக்கான கூட்டு மாத்திரை, அதில் பொட்டாசியம் அயோடைடும் இருக்கிறது, இரும்பும் ஃபோலிக் அமிலமும்கூட இருக்கின்றன. பழைய மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கலாமா? எதுவரைக்கும் தொடர வேண்டும்?

—

தட்டும் தராசும்:

இரண்டு அட்டையையும் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். இரும்பு இரட்டிப்பாகலாம். கூட்டு மாத்திரையில் ரெட்டினால் வடிவில் வைட்டமின் ஏ இருக்கிறதா என்று பாருங்கள், அது கர்ப்பத்தில் மிகையாகக் கூடாது. தனி அயோடின் மாத்திரை ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

எதுவரை என்பதற்கு: பிரசவத்தோடு நிறுத்திவிடாதீர்கள், பலர் அன்றைக்கே அட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். பாலூட்டும் காலத்தில் தேவை குறைவதில்லை. அமெரிக்கக் கணக்கில் 220இலிருந்து 290 ஆகக் கூடவே செய்கிறது. பால் கொடுக்கும்வரை தொடரச் சொல்வார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் பரிசோதனையில் நீங்களே ஞாபகமாகக் கேட்டுவிடுங்கள்.